ஊதாங்குழலில் ஏன் இரண்டு ஓட்டை?

2022இல் கேஸ் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் விட்டுவிட்டு, மூன்று நாள் மாறி மாறிக் காவல் இருந்தோம். லொறி வரவில்லை. நான்காம் நாள் அம்மம்மா பொறுமை இழந்தா. பின்வளவில் மூன்று கல்லை வைத்து, உக்கிப்போன கதவுப் பலகையைப் பிளந்து அடுக்கி, மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக் கூட இல்லாமல் தென்னம்பாளையால் நெருப்பு மூட்டினா. புகை மட்டும்தான் வந்தது. "நில்லுங்கோ வாறன்" என்று உள்ளே போய், குசினித் தட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கறுத்த இரும்புக் குழலை எடுத்துக்கொண்டு வந்தா.

நாங்கள் என்றால் மூன்று பேர்: அக்கா, தம்பி, பெரியம்மாவின் மகள். எழுதுவது ஒரு ஆள்தான். ஆனால் வரிக்கு வரி சண்டை பிடித்துத் திருத்தியது மூன்று பேரும். அதனால் "நாங்கள்" என்றே போகட்டும்.

அந்த ஊதாங்குழலைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், தூக்கினால் கை தாழும் பாரம். மற்ற வீடுகளில் ஊதாங்குழல் என்றால் ஒற்றைக் குழாய்தான். எங்களுடையதில் இரண்டு குழாய் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒன்றுக்கு மரக்கட்டை அடித்து மூடியிருக்கும், மற்றதால் ஊத வேண்டும். ஏன் இரண்டு என்று கேட்டால் "ஒண்டு உனக்கு, ஒண்டு எனக்கு" என்பா அம்மம்மா. ஊதுகிற குழாய்க்குள் கண்ணை வைத்து வானத்தைப் பார்ப்பது எங்கள் விளையாட்டு. உள்ளே சுருள் சுருளாகக் கோடு ஓடும். சுழன்று சுழன்று போய் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டாக வெளிச்சம் தெரியும். எல்லாக் குழாய்க்கும் உள்ளே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கேஸ் இல்லாத அந்த மாதங்களில் குழல் தினமும் வெளியே வந்தது. ஒருநாள் தம்பிக்கு வேலையில்லாமல் போய், பித்தளைக் குடம் மினுக்குகிறது போலப் புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்தான். கரி போனது. கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோலம் எழும்பியது. தண்ணீரில் எண்ணெய் விட்டால் வருமே, அந்த மாதிரி வளைவு வளைவாக, குழாய் முழுக்கச் சுற்றிச் சுற்றி. வரைந்ததோ செதுக்கியதோ இல்லை, இரும்புக்குள்ளேயே இருந்தது. ஒரு நுனியில் ஆணித்தலை என்று நாங்கள் நினைத்திருந்த பித்தளைப் பொட்டும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு குழாய்க்கும் நடுவில் ஓடுகிற தகட்டில், வெட்டுப்பட்ட ஓரத்தில், இரண்டு ஆங்கில எழுத்து மிச்சம் இருந்தது: ஓ, என்.

படம் எடுத்து ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சானுக்கு அனுப்பினோம். மச்சான் அங்கேயே பிறந்தவர், மாமாவின் மகன். அம்மம்மாவின் குசினியில் இப்படி ஒரு சாமான் என்று வேடிக்கைக்குத்தான் அனுப்பினோம். அவரோடு வேலை செய்கிற ஒருவர் பழைய துவக்குச் சேர்க்கிறவர். மச்சான் அவருக்கு அனுப்ப, அரை மணித்தியாலத்தில் வீடியோ கோல் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, மற்றக் குழாய்க்குள்ளும் கோடு இருக்கா? தம்பி மரக்கட்டையைத் தட்டிக் கழற்றினான். டோர்ச் அடித்துப் பார்த்தோம். மழமழவென்று இருந்தது. ஒன்றில் சுருள், மற்றது வழுவழுப்பு.

"அப்ப அது கொம்பினேஷன் கன்" என்றார் அவர். பிறகு கேட்டார், யார் இதை வெட்டினது?

குசினிக்குள் அம்மம்மா சம்பல் அரைத்துக்கொண்டிருந்தா. அரைக்கிற சத்தம் நின்றது. எங்களுக்கு நல்லா நினைவிருக்கு.

கொம்பினேஷன் துவக்கு என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறோம், பிறகு அம்மம்மாவிடம் வருவோம். வேட்டைக்குப் போகிறவருக்கு ஒரு பழைய பிரச்சினை இருக்கிறது: காட்டில் முன்னால் வருவது காட்டுக்கோழியா மரையா என்று முன்கூட்டியே தெரியாது. பறக்கிற கோழிக்குச் சின்னச் சின்னச் சன்னங்கள் ஒரு கொத்தாய்ப் பரவிப் போக வேண்டும். அதற்கு வழுவழுப்பான குழாய். தூரத்தில் நிற்கிற மரைக்கு ஒற்றை ஈயக்குண்டு நேராய்ப் போக வேண்டும். அதற்குச் சுருள் கோடு வெட்டிய குழாய். அந்தக் கோடு குண்டைச் சுழற்றிவிடுகிறது, சுழலுகிற குண்டு பம்பரம் போல நிலைத்துப் போகிறது. சன்னத்தைச் சுருள் குழாயில் போட்டால் அது சுழன்று வட்டமாகச் சிதறி நடுவில் ஒன்றும் இல்லாமல் போய்விடும். ஒற்றைக் குண்டை வழுவழுப்புக் குழாயில் போட்டால் கொஞ்சத் தூரத்துக்குப் பிறகு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு துவக்குச் சுமக்க ஆளில்லாதவர் என்ன செய்வார்? இரண்டு குழாயையும் ஒரே கட்டையில் ஒட்டிவிட்டார்கள். தென்னாபிரிக்காவின் கேப் பக்கத்தில் இது பிரபலமானதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த வகைக்குக் "கேப் கன்" என்றே ஒரு பேர் உண்டு.

எங்களுடையது அதிலும் பழசு, தோட்டா வருவதற்கு முந்தினது. வாய்ப்பக்கத்தால் மருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால் இடித்து இறுக்குகிற காலம். வன்னியிலிருந்து வந்து கம்பஸில் எங்களோடு படிக்கிற ஒருத்தியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "உதைத்தான் எங்கட ஊரில இடியன் எண்டுறது. இடிச்சு நிரப்புறதால இடியன்." அவளுக்கு இது மியூசியச் சாமான் இல்லை. பன்றிக்குக் காட்டில் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு மனிதரின் காலையும் யானையின் காலையும் உடைப்பதைக் கேட்டு வளர்ந்தவள். சிங்களத்தில் "துவக்குவ", எங்களுக்குத் "துவக்கு", இந்தியாவில் "துப்பாக்கி". எல்லாவற்றுக்கும் மூலம் துருக்கியர் பக்கத்துச் சொல் ஒன்று என்கிறார்கள். இந்த ஒரு சொல்லில் இரண்டு இனமும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகுது.

மருந்தைப் பற்றவைப்பது எப்படி என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. முந்தி, கல் இரும்பில் உரசிப் பொறி பறந்து, வெளியே ஒரு சின்னத் தட்டில் இருக்கிற மருந்தைப் பிடித்து, அது உள்ளே போக வேண்டும். ஸ்கொட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்று ஒரு பாதிரியார் இருந்தார், வாத்து வேட்டைப் பிரியர். தட்டில் பளீரென்று எரிவதைக் கண்டவுடன் வாத்து பறந்துவிடுகிறது என்பது அவருடைய கவலை. அடித்தாலே வெடிக்கிற ஒரு இரசாயனத்தை வைத்து அதைத் தீர்த்து, 1807இல் காப்புரிமையும் எடுத்தார். உலகத்துப் படைகளின் துவக்குகளை எல்லாம் மாற்றின கண்டுபிடிப்பு ஒரு பாதிரியாரின் வாத்துப் பிரச்சினையில் தொடங்கியது. பிறகு அந்த இரசாயனம் சின்னச் செம்புத் தொப்பிக்குள் போனது. தொப்பியை ஒரு முலைக்காம்பு போன்ற இரும்பில் மாட்டிவிட்டு, சுத்தியல் போன்ற ஒன்றால் ஓங்கி அடிக்க, பொறி துளை வழியே உள்ளே பாயும். விளங்கவில்லையென்றால் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளில் வாங்குகிற விளையாட்டுத் துவக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கடதாசியில் கறுப்புப் பொட்டு, விசையை இழுத்தால் டப். அதே சங்கதிதான்.

மச்சான் அந்த நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் அவருடைய முழுத் துவக்கைச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னார். சுருள் குழாய்க்கு மருந்தை அளந்து போட வேண்டும், கொழுப்புப் பூசின துணித்துண்டில் குண்டைச் சுற்றி இறக்க வேண்டும். மற்றதற்கு மருந்து, அட்டை, சன்னம், மேலே இன்னொரு அட்டை. எதற்கு எதைப் போட்டோம் என்று மறந்தால் அவ்வளவுதான். இரண்டு சுத்தியல், இரண்டு விசை. அவசரத்தில் மாறி இழுத்துவிட்டு, கோழிக்குக் குண்டும் மரைக்குச் சன்னமும் அனுப்பினவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். கறுப்பு மருந்து தோளை அடிக்காது, தள்ளும். வெள்ளைப் புகை எழும்பிக் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது, அழுகின முட்டை மணம். சுட்டு முடிந்தால் அன்றைக்கே சுடுதண்ணி ஊற்றிக் கழுவ வேண்டும். எரிந்த மருந்தின் கரி ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றிவிடும். "உங்கட குழாயில துரு இல்லையே, எப்பிடி?" என்று கேட்டார். எப்படி என்றால், தினமும் நெருப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டு, கரியும் தேங்காயெண்ணெய்க் கையும் பட்டுக்கொண்டு இருந்தது. அந்த மாதிரிப் பராமரிப்பு எந்தச் சேகரிப்பாளரும் கொடுத்திருக்க மாட்டார்.

புளியில் எழும்பின கோலத்துக்கும் விளக்கம் கிடைத்தது. அந்தக் காலத்தில் நல்ல குழாயை ஒரே இரும்பில் செய்யவில்லை. இரும்பையும் உருக்கையும் கம்பி கம்பியாக அடுக்கி முறுக்கி, நாடாவாக அடித்து, ஒரு தண்டின் மேல் சுற்றிச் சூட்டில் ஒட்டவைப்பார்கள். புளிப்புப் பட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் அரிபடும், முறுக்கு வெளியே தெரியும்.

அன்றைக்கு இரவு கரண்ட் போன நேரம் அம்மம்மா தானாகவே கதைத்தா. நாங்கள் கேட்கவில்லை.

துவக்கு ஹப்புத்தளைப் பக்கத்துத் துரை ஒருவருடையது. எங்கள் பூட்டன், அம்மப்பாவின் அப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து போய் அந்தத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு துரை ஊருக்குப் புறப்பட்டபோது கதிரை, மேசை, மான்கொம்பு எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கொடுத்தார். பூட்டனுக்குக் கிடைத்தது பங்களாச் சுவரில் தொங்கின இந்தத் துவக்கு. துரைக்கும் அது சுவர்ச் சாமான்தான். அவருக்கு முன்னிருந்த யாரோ விட்டுப்போனது, அதற்குத் தேவையான தொப்பி கூட அப்போது கடையில் இல்லை. பூட்டன் ஒருநாளும் அதைச் சுட்டதில்லை. ஆனால் அனுமதிப்பத்திரம் எடுத்து ஒவ்வொரு வருடமும் ஒழுங்காகப் புதுப்பித்தார். கிளாக்கர் அல்லவா.

ஹப்புத்தளை என்றவுடன் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1845இல் மின்னல் தாக்கிச் செத்தது அங்கேதான். 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறவர். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானையின் சாபம் என்று ஊரில் கதை. அவர் ஒருவர் மட்டும் இல்லை. பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பேரெடுத்த சாமுவேல் பேக்கர், அதற்கு முன் நுவரெலியாவில் குடியிருந்து இலங்கை வேட்டையைப் பற்றி 1850களில் இரண்டு புத்தகம் எழுதினார். வாய்ப்பக்கத்தால் நிரப்புகிற துவக்குகளோடு யானைக்கு முன்னால் போய் நிற்கிற கதைகள். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது: யானை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் சன்மானம் கொடுத்த காலத்தில், 1848க்கு முந்தின மூன்று வருடத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500க்கு மேல் யானைகள் கொல்லப்பட்டன. வட மாகாணம், கவனியுங்கள். துரைமாரின் பொழுதுபோக்கு என்று நாங்கள் படிக்கிறதில் பாதி, சன்மானத்துக்காக ஊர்ச் சனம் இடியனால் செய்த வேலையாகவும் இருந்திருக்கும். சுவரில் தொங்குகிறபோது மட்டும்தான் அழகான சாமான்.

பூட்டன் தோட்டத்தை விட்டு வந்து கொட்டாஞ்சேனையில் வீடு வாங்கினார். துவக்கு முன்ஹோலில் சாமிப்படங்களுக்கு எதிரே தொங்கியது. 1970களின் கடைசியில் பூட்டன் போய்ச் சேர்ந்தார். அனுமதிப்பத்திரம் அவருடைய பேரில் இருந்தது. அம்மப்பா துறைமுகத்தில் வேலை, இன்றைக்கு மாற்றுவோம் நாளைக்கு மாற்றுவோம் என்று விட்டுவிட்டார். நாட்டு நிலைமை சரியில்லை என்று ஒருநாள் சாக்கில் சுற்றிச் சீலிங்குக்கு மேல் வைத்தார்.

பிறகு 83 ஜூலை. அம்மம்மாவும் அம்மப்பாவும் பிள்ளைகளோடு பின்மதிலால் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சிங்களக் குடும்பம் நான்கு நாள் அறைக்குள் வைத்துச் சாப்பாடு கொடுத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் ரேடியோவையும் தையல் மெசினையும் கொண்டுபோய், அலுமாரியைக் கோடரியால் கொத்தியிருந்தார்கள். சீலிங்குக்கு மேலே யாரும் பார்க்கவில்லை.

"திரும்பி வந்து அந்தச் சாக்கைக் கண்டவுடனதான் இவருக்குக் கை நடுங்கினது" என்றா அம்மம்மா. "அவங்கள் வந்தபோது கூட நடுங்கேல்ல."

கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்திருக்கலாமே என்று தம்பி கேட்டான். அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "83 ஓகஸ்டில, ஒரு தமிழாள், பஸ்ஸில, துவக்கோட" என்று மட்டும் சொன்னா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கினா. பேர் மாற்றாத பத்திரம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. தொப்பி கூடக் கிடைக்காத, நூறு வருடம் பழைய துவக்கு என்று யாருக்கு விளங்கப்படுத்துவது?

ஆமர் வீதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த கூட்டாளி ஒருவர் இரவில் வந்தார். முஸ்லிம் ஆள், அம்மப்பாவோடு கரம் விளையாடுகிறவர். குசினி நிலத்தில் சாக்கை விரித்து, சத்தம் கேட்காமல் ஈரத்துணி சுற்றி, அரத்தாலும் வாளாலும் மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். மரக்கட்டையைப் பிளந்து அடுப்பில் வைத்தார்கள். நல்ல வைரமான மரம், நின்று எரிந்ததாம். "அடுத்தநாள் புட்டு அவிச்சது அதிலதான்." சுத்தியல், விசை, பூட்டு எல்லாம் ஒட்டியிருந்த பின்பாதியை அம்மப்பா சந்தைப் பையில் மீனுக்குப் போகிறவர் போலக் கொண்டுபோய், முகத்துவாரத்தில் ஆறு கடலில் விழுகிற இடத்தில் போட்டார். முன்பாதியையும் போட இருந்தார். லேத் நண்பர்தான் தடுத்தார். இவ்வளவு நல்ல இரும்பை எறியாதேயுங்கோ, அக்காவுக்கு அடுப்பூத உதவும் என்று சொல்லி, ஓரத்தை அராவி, ஒரு குழாயைக் கட்டையால் மூடிக் கொடுத்தார்.

எங்களுக்கு இதைக் கேட்டபோது முதலில் வந்தது வெட்கம். இதைச் சொல்லத்தான் வேண்டும். மச்சானின் நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்ட விதம் அப்படி, ஒரு உயிரை வெட்டினதைப் போல. அவர்களுடைய உலகத்தில் முழுசாக இருந்தால்தான் மதிப்பு. ஒரு திருகாணியை மாற்றினாலே விலை இறங்கும், குழாயை நடுவால் வெட்டினால் அது வெறும் இரும்பு. பேர் பொறித்திருந்த பகுதியும் போய்விட்டது. அந்த ஓ, என் என்ற இரண்டு எழுத்து லண்டனின் வாலாகவும் இருக்கலாம், யாரோ ஒரு வில்சனின் வாலாகவும் இருக்கலாம். கனடாவில் 1898க்கு முன் செய்த இந்த வகைத் துவக்குக்கு லைசன்ஸே தேவையில்லை என்றும், முழுசாக இருந்திருந்தால் நல்ல காசு என்றும் மச்சான் சொன்னபோது நாங்களும் "சே" என்றோம். அம்மம்மாவுக்கு முன்னால் வைத்தே சொன்னோம்.

வெட்கம் கோபமாக மாற இரண்டு நாள் எடுத்தது. ஒரே சாமான், அங்கே ஒருவர் சனிக்கிழமை காரில் போட்டுக்கொண்டு போய்ச் சுட்டு, கழுவி, கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம். சட்டம் அதைப் "பழம்பொருள்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். இங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. ஆனால் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அம்மப்பாவுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. 96இல் மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு நடந்த சுற்றிவளைப்புகளில் ஒருநாள் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்தது, அவ்வளவுதான். வீட்டை மூன்று தரம் கிண்டினார்கள். ஒன்றும் கிடைக்காததால் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அந்தத் துவக்கு முழுசாகச் சீலிங்குக்கு மேல் இருந்திருந்தால் அது இன்றைக்கு நல்ல விலை போயிருக்கும். அம்மப்பா திரும்பி வந்திருப்பாரா என்று மச்சானிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. பாவம், அவரிடம் கேட்டிருக்கக் கூடாது.

இன்னொரு நாளும் இருக்கிறது. அதில் நாங்களே இருந்தோம், ஆனால் என்ன நடந்தது என்று அப்போது விளங்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தத்தில் எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. அடுத்து வந்த கிழமைகளில் வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவன் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பான். மரியாதையாகத்தான் நடந்தான். சப்பாத்தைக் குசினிப் படியில் துடைத்துவிட்டு வந்தான். தட்டுக்குப் பின்னால் பார்த்தான். குழலை எடுத்தான். பாரத்தைக் கண்டு கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தான். "மே மொக்கத்த அம்மே?"

அம்மம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா. திரும்பக் கூட இல்லை. "லிப பிம்பின பட்டே, புத்தே" என்றா. அடுப்பூதுகிற குழல், மகனே.

அவன் ஒரு முனையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். நாங்கள் சின்ன வயதில் பார்த்தது போலவே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். துவக்குப் பழகினவன் அல்லவா, அந்தச் சுருள் என்ன என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் கேள்விக்கு நாங்கள் மூன்று பேரும் மூன்று பதில் வைத்திருக்கிறோம். அக்கா, அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்கிறா. தம்பி, உள்ளே கரி பிடித்திருந்தது, ஒன்றும் தெரிந்திருக்காது என்கிறான். பெரியம்மாவின் மகள், அவன் அசந்துபோயிருந்தான், வேறெதையோ நினைத்துக்கொண்டு பார்த்தான் என்கிறாள். அவன் குழலை இருந்த இடத்திலேயே வைத்தான். தன் அம்மாவும் விறகில்தான் சமைக்கிறா என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அம்மம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. குண்டு வெடித்த கவலை என்று நினைத்துக்கொண்டோம்.

2023 டிசம்பரில் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்த ஆறு பொருட்கள் கொழும்புக்கு வந்தன. லெவுக்கே திசாவையின் பீரங்கி, தங்கமும் வெள்ளியும் பதித்த வாள்கள், ஒரு கத்தி, "மஹ துவக்கு" என்கிற இரண்டு பெரிய துவக்கு. 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனவை. அப்போது கண்டியில் இருந்தது மதுரை வழி வந்த நாயக்க அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பீரங்கியில் மாணிக்கக் கல்லெல்லாம் பதித்திருக்கு. எல்லோரும் அதற்கு முன்னால் நின்றுதான் படமெடுத்தார்கள். அம்மம்மா துவக்குகளுக்குக் கிட்ட நின்றா.

"எத்தனை வருசமாம்?" என்று கேட்டா. இருநூற்று ஐம்பதுக்கு மேல் என்று சொன்னோம்.

"அவங்கள் வெட்டேல்ல பாத்தியா" என்றா.

ஒல்லாந்தர் வெட்டாமல் வைத்திருந்ததைப் பாராட்டுகிறாவா, வேறு ஏதும் சொல்லுகிறாவா என்று விளங்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கடலைப் பார்த்துக்கொண்டு வந்தா.

எங்கள் குழலை நூதனசாலைக்கே கொடுத்தால் என்ன என்று அக்கா ஒரு காலம் சொல்லிக்கொண்டு இருந்தா. கொடுக்கிறதென்றால் எங்கிருந்து வந்தது, மிச்சம் எங்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முகத்துவாரத்தில் என்று எழுதலாமா? எழுதினால் யார் வாசிப்பார்கள்? அம்மப்பா 2011இல் போய்விட்டார், லேத் நண்பரும் இல்லை. இனிப் பயப்பட ஆளில்லை என்று அக்கா சொல்லுகிறா. தம்பிக்கு விருப்பமில்லை. மச்சான், அடுத்த முறை வரும்போது தான் கொண்டுபோகிறேன், அந்த நண்பர் காசு வேண்டாமல் அலுமாரியில் வைப்பாராம், கீழே கதையையும் எழுதி வைப்பாராம் என்கிறார். கட்டுநாயக்கவில் பையை ஸ்கான் பண்ணும்போது துவக்குக் குழாயின் வடிவம் தெரியுமே என்று கேட்டோம். அது ஊதாங்குழல்தானே என்கிறார். மச்சான் இன்னும் பிடிபடாத மனிசன்.

கொட்டாஞ்சேனை வீடு விற்றாயிற்று. அடுத்த மாதம் அம்மம்மா வெள்ளவத்தையில் எங்களோடு, நான்காம் மாடி ஃபிளாட்டுக்கு வாறா. அங்கே விறகு அடுப்புக்கு இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குசினிச் சாமான் கட்டப் போயிருந்தோம். அம்மி வேண்டாம், ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கோ, பித்தளைக் குடத்தை வில்லுங்கோ என்று ஒவ்வொன்றாகத் தானே கழித்தா. கடைசியில் அகப்பை, குழல்புட்டுக் குழல், தேங்காய் துருவி எல்லாவற்றையும் ஒரு பழைய சீலையில் போட்டுச் சுற்றும்போது ஊதாங்குழலையும் எடுத்து நடுவில் வைத்தா.

"அங்க அடுப்பு இல்லை அம்மம்மா" என்றோம்.

"கேஸ் திரும்பவும் இல்லாமப் போகும்" என்று சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினா.